காலுக்கடியில் நகரும் நிலம்: கண்ட நகர்வு பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

எட்டு வயதிலிருந்து பதினோரு வயது வரையுள்ள பிள்ளைகள் கண்டங்களைப் பற்றியும் புவித்தட்டுகளைப் பற்றியும் (பூமியின் மேற்பரப்பாக இருக்கும் பெரிய பாறைத் துண்டுகள்) வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. நீங்களே படிக்கலாம், வீட்டில் பெரியவர்களைப் படித்துக் காட்டச் சொல்லலாம். பக்கத்தில் ஓர் உலக வரைபடம் இருக்கட்டும். அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கண்டங்கள் நகர்கின்றன என்பது உண்மையா, சும்மா சொல்கிறார்களா?

உண்மைதான், அளந்து பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விலகிப் போகின்றன. உங்கள் கால்விரல் நகம் வளரும் வேகமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கொலம்பஸ் 1492இல் கடந்த அட்லாண்டிக் பெருங்கடல் இன்றைக்கு அப்போதைவிடப் பத்து மீட்டருக்கு மேல் அகலமாகிவிட்டது. ஒரு பேருந்தின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பூமியிடம் நேரம் நிறைய இருக்கிறது. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்றால் ஒரு கோடி ஆண்டில் 200 கிலோமீட்டர். பத்துக் கோடி ஆண்டில் 2,000 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

அப்புறம் ஏன் நமக்குத் தெரியவில்லை?

நகம் வளர்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? வெட்டும்போதுதானே தெரிகிறது. தவிர, நாம் நிற்கும் தரை, வீடு, மரம், சாலை எல்லாம் சேர்ந்தே நகர்கின்றன. எதை வைத்து ஒப்பிடுவது?

இதை முதலில் சொன்னவர் யார்?

தென் அமெரிக்காவின் கிழக்கு ஓரத்தையும் ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தையும் வரைபடத்தில் பாருங்கள். ஒன்றின் புடைப்பு இன்னொன்றின் குழிவில் போய் உட்காரும் போலிருக்கும். 1596இலேயே ஆபிரகாம் ஒர்டேலியஸ் என்ற வரைபடக்காரர் இதைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் சான்றுகளைத் தேடிச் சேர்த்து, "கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தன, பிறகு நகர்ந்து பிரிந்தன" என்று அடித்துச் சொன்னவர் ஆல்ஃபிரெட் வெகனர். ஜெர்மனிக்காரர். படித்தது வானியல், வேலை பார்த்தது வானிலை ஆய்வில். 1912 ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் முதன்முதலாக இதைப் பற்றி உரையாற்றினார். 1915இல் ஒரு புத்தகமும் எழுதினார்.

பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. எதிர்த்தவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி: "இவ்வளவு பெரிய கண்டத்தை எது தள்ளுகிறது?" பூமி சுழல்வதால் வரும் விசை, நிலாவின் ஈர்ப்பு என்று வெகனர் சிலவற்றைச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த விசைகள் துளியும் போதாது. கண்டங்கள் நகர்வதாக அவர் நினைத்த வேகமும் உண்மையைவிடப் பல மடங்கு அதிகம். விஷயம் சரி, காரணம் தவறு.

1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் நடுவே இருந்த முகாமுக்குப் பொருள்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அவர் இறந்துபோனார். அப்போதுதான் 50 வயது முடிந்திருந்தது. உடலை அங்கேயே பனியில் புதைத்தார்கள். கிரீன்லாந்து இருப்பது வட அமெரிக்கத் தட்டில். அதனால் அவர் கல்லறையும் ஜெர்மனியை விட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கிறது. (அந்தப் பனியும் தனியாக நகர்கிறது. அது வேறு கணக்கு.)

ஓரங்கள் பொருந்துவது தற்செயலாக இருக்கலாமே?

இருக்கலாம். இந்தக் கேள்வி உங்களுக்குத் தோன்றியிருந்தால் உங்களுக்கு நல்ல அறிவியல் மூளை.

ஒரு செய்தித்தாளைக் கிழித்துப் போடுங்கள். இரண்டு துண்டுகளின் ஓரம் பொருந்தினால் மட்டும் போதாது. இந்தத் துண்டில் பாதியில் நின்ற வரி அந்தத் துண்டில் தொடர வேண்டும். பத்து வரியும் தொடர்ந்தால் அது ஒரே தாள் என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த உவமை வெகனரே சொன்னது. கண்டங்களில் அப்படித் தொடரும் "வரிகள்" என்னென்ன?

முதல் வரி, மெசோசாரஸ். குட்டி முதலை போன்ற ஓர் ஊர்வன. நீளம் ஒரு மீட்டர் அளவு. ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் புதைபடிவம் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டும்தான் கிடைக்கிறது. (புதைபடிவம் என்றால், செத்துப் புதைந்த உயிரின் எலும்போ இலையோ பாறையில் பதிந்து கிடப்பது.) ஒரு பெருங்கடலை நீந்திக் கடக்கும் உடல் அதற்கு இல்லை. நடுவில் கடலே இல்லாமல் இருந்திருந்தால் சிக்கல் தீர்ந்தது.

இரண்டாவது வரி ஒரு செடி. குளோசாப்டெரிஸ். இலை நாக்கு வடிவத்தில் இருக்கும், பெயரிலேயே கிரேக்க மொழியில் "நாக்கு" இருக்கிறது. இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அன்டார்க்டிகா ஐந்திலும் இதன் படிவங்கள் இருக்கின்றன.

அன்டார்க்டிகாவில் அது கிடைத்தது ஒரு சோகமான கதை. தென்துருவத்துக்குப் போன ராபர்ட் ஸ்காட்டும் அவருடைய குழுவினரும் 1912இல் திரும்பும் வழியில் பனியில் இறந்தார்கள். சில மாதங்கள் கழித்துத் தேடிப் போனவர்கள் உடல்களோடு ஏறக்குறைய 16 கிலோ கற்களையும் கண்டார்கள். பசியிலும் குளிரிலும் அந்தச் சுமையை அவர்கள் கடைசிவரை விடவில்லை. அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் இலைகள் பதிந்திருந்தன. வெகனர் ஃபிராங்க்ஃபர்ட்டில் பேசியதும் அதே ஆண்டுதான்.

மூன்றாவது, பனி கீறிய தடங்கள். பனியாறு மெதுவாக நகரும்போது அடியில் சிக்கிய கற்களால் பாறையைக் கீறிக்கொண்டே போகும். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுப் பழமையான அத்தகைய கீறல்கள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும்கூட உண்டு, இன்றைக்குச் சுட்டெரிக்கும் இடங்களில்! கீறல்கள் போகும் திசையைப் பார்த்தால் சில இடங்களில் பனி கடலிலிருந்து கரையேறி வந்தது போலிருக்கும். பனியாறு அப்படி வராது. கண்டங்களைத் தென்துருவத்தைச் சுற்றி ஒன்றாகச் சேர்த்து வையுங்கள், கீறல்கள் எல்லாம் ஒரு மையத்திலிருந்து வெளிப்பக்கம் விரியும்.

மலைகளும் தொடர்கின்றன. வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளும் ஸ்காட்லாந்தின் மலைகளும் ஒரே தொடரின் துண்டுகள்.

பாஞ்சியா என்றால் என்ன?

எல்லாக் கண்டங்களும் ஒட்டியிருந்தபோது இருந்த ஒற்றைப் பெருங்கண்டம். கிரேக்கத்தில் "எல்லா நிலமும்" என்று பொருள். சுற்றிலும் பாந்தலாசா என்ற ஒரே பெருங்கடல். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் உடையத் தொடங்கியது. வடபாதி லாரேசியா, தென்பாதி கோண்டுவானா. கோண்டுவானா என்ற பெயர் நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியிலிருந்து எடுத்தது.

டைனோசர் காலத்தில் பாஞ்சியா இருந்ததா?

இருந்தது. முதல் டைனோசர்கள் வந்தபோது கண்டம் ஒன்றுதான், எங்கு வேண்டுமானாலும் நடந்தே போயிருக்கலாம். கடைசி டைனோசர்கள் அழிந்தபோது நிலம் பல துண்டுகளாகிவிட்டது.

கண்டங்கள் கடல் தண்ணீரில் படகு மாதிரி மிதக்கின்றனவா?

இல்லை. நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், பெரியவர்களும் சேர்த்துத்தான். கடலுக்கு அடியிலும் பாறைத் தரை உண்டு. கண்டமும் கடல்தரையும் சேர்ந்துதான் ஒரு தட்டு. தட்டு நகரும்போது மேலே இருக்கும் கண்டம், கடல்தரை, அதன் மேல் நிற்கும் தண்ணீர் எல்லாம் கூடவே போகின்றன.

தட்டு என்பது பூமியின் மேலோடும், அதற்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இறுகிய பாறையும். சராசரியாக 100 கிலோமீட்டர் தடிமன். பூமியின் மையம் வரை ஏறக்குறைய 6,370 கிலோமீட்டர் என்பதால் அது மெல்லிய ஓடுதான். அவித்த முட்டையை மேசையில் லேசாகத் தட்டினால் ஓடு விரிசல் விட்டுத் துண்டு துண்டாக நிற்கும் பாருங்கள், பூமியின் மேற்பரப்பும் அப்படித்தான். பெரிய துண்டுகள் ஏழு, சின்னவை பல. மிகப் பெரியது பசிபிக் தட்டு.

பூமிக்குள் கொதிக்கும் குழம்பு இருக்கிறது, அதன் மேல்தான் தட்டுகள் மிதக்கின்றன என்று படித்தேனே?

பல புத்தகங்களில் படம் அப்படித்தான் போடுகிறார்கள். எனக்கு அந்தப் படங்களின் மேல் கொஞ்சம் கோபமே உண்டு. தட்டுக்கு அடியில் இருக்கும் கவசம் என்ற பகுதி கிட்டத்தட்ட முழுக்கத் திடமான பாறை. ஆனால் சூடான பாறை. அதனால் மிக மிக மெதுவாக வழிந்து நகரும்.

திடப்பொருள் எப்படி வழியும்? சாலை போடும் தார் போன்ற ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டியானது, சுத்தியலால் அடித்தால் சில்லு சில்லாக உடையும். 1927இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் அதைச் சூடாக்கி ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றினார்கள். ஆறி இறுகட்டும் என்று மூன்று ஆண்டு விட்டுவிட்டு, 1930இல் புனலின் அடிமுனையை வெட்டித் திறந்தார்கள். கையால் தொட்டால் கல். ஆனாலும் அது சொட்டுகிறது! 2014 வரை விழுந்தவை மொத்தம் ஒன்பது சொட்டுகள். கவசத்துப் பாறை அதைவிடப் பல மடங்கு மெதுவாக நகர்கிறது.

எரிமலையில் வரும் குழம்பு? சில இடங்களில் மட்டும் பாறை உருகுகிறது. அங்கிருந்து மேலே வருவது அது.

தட்டுகளைத் தள்ளுவது யார்?

வெகனருக்குக் கிடைக்காத விடை இதுதான். பூமியின் உட்பகுதி மிகவும் சூடு. மையத்தில் 5,000 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்த வெப்பம் வெளியேறப் பார்க்கிறது. சூடான பாறை மெல்ல மேலே வரும், ஆறியது கீழே இறங்கும்.

இதில் தள்ளுவதைவிட இழுப்பதற்குத்தான் பங்கு அதிகம் என்று இப்போது கருதுகிறார்கள். பழைய கடல்தரை ஆறி, கனத்துப்போய், ஓரத்தில் பூமிக்குள் இறங்கும். இறங்கும்போது மீதித் தட்டையும் இழுக்கும். மேசை விரிப்பின் ஒரு பக்கத்தை அளவுக்கு மேல் தொங்கவிடுங்கள். தொங்கும் பாகம் கனத்து, மேசை மேல் இருப்பதையும் சரசரவென்று இழுத்துக்கொண்டு விழும். (விரிப்பின் மேல் கண்ணாடிப் பாத்திரம் எதுவும் இல்லையே? முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கடலுக்கடியில் என்ன நடக்கிறது என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

முதலில் யாரும் போய்ப் பார்க்கவில்லை, கேட்டார்கள். கப்பலிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தால் ஆழம் தெரியும். 1950களில் அமெரிக்காவில் மேரி தார்ப் என்ற பெண் அந்த எண்களை வைத்துக் கடல்தரையைக் கையால் வரைந்தார். பெண் என்பதால் அந்த ஆய்வுக் கப்பல்களில் அவரை ஏற்றவில்லை. எண்களைக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி புரூஸ் ஹீசன்.

அட்லாண்டிக்கின் நடுவே வடக்கு தெற்காக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. வரைந்துகொண்டே வந்த தார்ப், அந்தத் தொடரின் உச்சியில் நீளவாக்கில் ஆழமான ஒரு பள்ளம் இருப்பதைக் கண்டார். தரை அங்கே பிளந்து விலகுகிறது என்றார். "சும்மா பெண்பிள்ளைப் பேச்சு" என்று ஹீசன் தள்ளிவிட்டார். பிறகு கடலடி நிலநடுக்கங்கள் நடந்த இடங்களை இன்னொரு வரைபடத்தில் குறித்தார்கள். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் புள்ளிகள் அந்தப் பள்ளத்திலேயே வரிசையாக விழுந்தன. ஹீசன் வாயை மூடிக்கொண்டார்.

அந்தப் பிளவில் குழம்பு மேலே வந்து ஆறிப் புதிய தரையாகிறது, பழையது இரு பக்கமும் ஒதுங்குகிறது என்று 1960களில் உறுதியானது. இத்தகைய கடலடி மலைத்தொடர்கள் உலகைச் சுற்றி ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் ஓடுகின்றன. ஐஸ்லாந்தில் அது தண்ணீருக்கு மேலேயே தலைகாட்டுகிறது.

தினமும் புதுத்தரை உண்டானால் பூமி ஊதிக்கொண்டே போகாதா?

போகாது. ஒரு பக்கம் உண்டாகும் அளவுக்கு இன்னொரு பக்கம் கடலடி அகழிகளில் உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் இன்றைய பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேல் பழைய பாறையைக் காண்பதே அரிது. கண்டங்களிலோ 400 கோடி ஆண்டுப் பாறையே கிடைக்கிறது. மிக ஆழமான அகழி மரியானா, ஏறக்குறைய 11 கிலோமீட்டர்.

இரண்டு தட்டுகள் மோதினால் என்ன ஆகும்?

எது எதோடு மோதுகிறது என்பதைப் பொறுத்தது. கடல்தரை கண்டத்தோடு மோதினால், கனமான கடல்தரை கீழே நுழையும். அங்கே பாறை உருகி மேலே எரிமலைகள் முளைக்கும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகள் அப்படி வந்தவை.

கண்டமும் கண்டமும் மோதினால் இரண்டுமே கீழே போக மறுக்கும். தலை துவட்டும் துண்டு ஒன்றை மேசையில் விரித்து, இரு பக்கமும் உள்ளங்கையை வைத்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். மடிப்பு மடிப்பாக எழுகிறதா? அதுதான் இமயமலை. ஆசியாவை விட்டு வெகுதூரத்தில் இருந்த இந்தியா வடக்கே விரைந்து போய் ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் முட்டியது. நடுவில் இருந்த டெத்திஸ் கடல் மறைந்தது, அதன் அடித்தரை மலையாக எழுந்தது. 8,849 மீட்டர் உயர எவரெஸ்ட்டின் உச்சிப் பாறையில் கடல் உயிரிகளின் படிவங்கள் இருக்கின்றன! முட்டல் இன்னும் நிற்கவில்லை.

மோதாமல் உரசிக்கொண்டு போகும் தட்டுகளும் உண்டு. அமெரிக்காவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு அப்படி. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இருக்கும் துண்டு சான் பிரான்சிஸ்கோவை நோக்கி நகர்கிறது. ஒன்றரைக் கோடி ஆண்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்களாகிவிடும்.

மெதுவாக நகரும் நிலம் நிலநடுக்கத்தில் மட்டும் ஏன் திடீரென்று குலுங்குகிறது?

விரலைச் சொடுக்குங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் முதலில் அழுத்தி ஒட்டிக்கொள்கின்றன, நகரவே இல்லை. அழுத்தம் கூடுகிறது, கூடுகிறது, சட்டென்று வழுக்குகிறது. சத்தம் அப்போதுதான் வருகிறது. தட்டுகளின் ஓரங்களும் பல ஆண்டுகள், சில இடங்களில் நூற்றாண்டுகள், இப்படி மாட்டிக்கொண்டு நிற்கும். பிறகு சில நொடிகளிலோ நிமிடங்களிலோ நழுவும்.

அளந்தவற்றில் மிகப் பெரியது 1960இல் சிலியில் நடந்தது, அளவு 9.5. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கடலடியில் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை நழுவியது. தரை எழும்பியபோது மேலே நின்ற கடலும் எழும்பியது, சுனாமியாகிக் கரைகளுக்கு வந்தது. பசிபிக்கைச் சுற்றியுள்ள தட்டு ஓரங்களில்தான் நிலநடுக்கங்களும் எரிமலைகளும் மிக அதிகம். அதை நெருப்பு வளையம் என்பார்கள்.

ஹவாய்த் தீவுகள் தட்டின் நடுவில்தானே இருக்கின்றன, அங்கே ஏன் எரிமலை?

அடியில் ஒரே இடத்தில் சூடு எழுகிறது, மேலே தட்டு நகர்கிறது. ஒரு மெழுகுவத்திக்கு மேலே தாளை மெல்ல இழுத்தால் கருகல் புள்ளிகள் வரிசையாக விழுமே, அப்படி. (நினைத்துப் பார்த்தால் போதும், செய்ய வேண்டாம்.) வடமேற்கே போகப் போகத் தீவுகள் வயதானவை.

லெமூரியா என்ற கண்டம் கடலில் மூழ்கியது என்கிறார்களே?

1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல் அறிஞர் ஒரு புதிருக்கு விடை தேடினார். மடகாஸ்கரில் உள்ள லெமூர்களுக்கு (குரங்கின் உறவான சிறு விலங்குகள்) நெருங்கிய விலங்குகள் இந்தியாவிலும் இருக்கின்றனவே, கடலை எப்படித் தாண்டின? இடையில் நிலம் இருந்து மூழ்கியிருக்கும் என்று ஊகித்து, அதற்கு லெமூரியா என்று பெயரும் வைத்தார். கண்டங்கள் நகரும் என்று தெரியாத காலத்தில் அது மோசமான ஊகம் இல்லை. பின்னால் அதைக் குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கமும் வந்தது.

இந்தியாவும் மடகாஸ்கரும் கோண்டுவானாவில் ஒட்டிக்கொண்டிருந்தவை என்று தெரிந்த பிறகு லெமூரியா தேவைப்படவில்லை. கடல்தரையை அளந்தும் பார்த்தாயிற்று, அங்கே அப்படி ஒரு கண்டம் மூழ்கிக் கிடக்கவில்லை. கடைசிப் பனிக்காலம் முடிந்து பனி உருகியபோது கடல் மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் உயர்ந்தது, உலகெங்கும் தாழ்வான கரைப்பகுதிகள் மூழ்கின என்பது உண்மை. அது வேறு, கண்டம் மூழ்குவது வேறு.

தோண்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

முயன்றார்கள். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் துளை போடத் தொடங்கி, 1989இல் 12,262 மீட்டர் வரை போனார்கள். அதற்குக் கீழே வெப்பம் தாங்கவில்லை. மேலோட்டையே தாண்ட முடியவில்லை. துளையின் அகலம் எவ்வளவு தெரியுமா? 23 சென்டிமீட்டர்தான். ஒரு ஆள்கூட விழ முடியாது.

இவ்வளவு சின்ன நகர்வை எப்படி அளக்கிறார்கள்?

கைப்பேசியில் வழி காட்டும் ஜிபிஎஸ் இருக்கிறதல்லவா, அதன் மிகத் துல்லியமான வகையைப் பாறையில் பதித்துவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் அது தன் இடத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் போகிறது. 1994இல் குறித்த வரைபட அளவுகள் 2020க்குள் 1.8 மீட்டர் தள்ளிப் போய்விட்டன. நாடு முழுவதற்கும் திருத்திக்கொண்டார்கள்.

கண்டங்கள் மறுபடியும் ஒன்று சேருமா?

சேரும் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள், இன்னும் 20, 25 கோடி ஆண்டுகள் கழித்து. அதற்கு முன் பிரிய வேண்டியவையும் இருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்கா இப்போதே பிளந்துகொண்டிருக்கிறது. 2005இல் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்தது, சில இடங்களில் 8 மீட்டர் அகலம்.

அடுத்த பெருங்கண்டம் எப்படி இருக்கும் என்பதில் ஒத்த கருத்து இல்லை. அட்லாண்டிக் மூடிக்கொள்ளும் என்பவர்கள் அதற்குப் பாஞ்சியா அல்டிமா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவும் ஆசியாவும் வடக்கே போய் ஒட்டும் என்பவர்கள் வைத்த பெயர் அமேசியா. உங்கள் பங்குக்கு நீங்களும் உலக வரைபடத்தை நகலெடுத்து, கண்டங்களை வெட்டி, மேசையில் நகர்த்திப் பாருங்கள். வெட்டும்போது கரையோரத்தை ஒட்டி வெட்டாமல், அதைச் சுற்றி வெளிர்நீலத்தில் காட்டியிருக்கும் ஆழமில்லாத கடற்பகுதியையும் சேர்த்து வெட்டுங்கள். கண்டத்தின் உண்மையான ஓரம் அதுதான், பொருத்தமும் அப்போதுதான் நன்றாக வரும்.